விரல் இருக்கட்டும், முதலில் கரிச்சட்டியை வெளியே வையுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. ஹிமாச்சலப் பிரதேசம் சோலனில் பொறியியல் முதலாண்டு. விடுதியில் இடம் இல்லாததால் வெளியில் அறை எடுத்து மூன்று பையன்கள் தங்கியிருக்கிறார்கள். குளிர் தொடங்கியதிலிருந்து கை, கால் விரல்கள் சிவந்து, நீலம் பாரித்து, வீங்கி அரிக்கின்றன. இணையத்தில் பார்த்தால் ரத்தக்குழாய் அடைப்பு, விரலை எடுக்க வேண்டிவரும் என்று போட்டிருக்கிறது. மூக்கில் ரத்தம், தோல் வெடிப்பு, அடிக்கடி சிறுநீர். சர்க்கரையோ என்று பயம். தாகமோ எடைக் குறைவோ இல்லை. காலையில் எழுந்தால் தலை கனம் வேறு. மதியத்துக்குள் சரியாகிவிடுகிறது, ஞாயிறு மட்டும் நாள் முழுக்க இருக்கிறது. கூட இருக்கும் பையனுக்கும் அப்படித்தானாம், ஒருநாள் வாந்தியும் எடுத்தானாம். மருந்துக்கடையில் கேட்டு அசித்ரோமைசின் மூன்று நாள் சாப்பிட்டான். தினமும் காலையில் ஒரு பாராசிட்டமால். ஆக்சிமீட்டரில் 98 காட்டுகிறது. வீட்டுக்காரர் கொடுத்த கரிச்சட்டியை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார்கள், அப்படியும் குளிர் விடவில்லையாம். உப்புக்காற்றில் வளர்ந்த உடம்புக்கு அந்த ஊர் ஆகாதோ? படிப்பை நிறுத்தி அழைத்துக்கொள்ளலாமா?
- வாசகி, மண்டபம்

பதில்: விரல் எங்கும் போகாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மகனுக்குப் போன் செய்து, அந்தக் கரிச்சட்டியை அறைக்கு வெளியே வைக்கச் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

கடிதத்தில் முக்கால் பங்கை விரலுக்குக் கொடுத்துவிட்டு, உயிர் போகக்கூடிய விஷயத்தை ‘தலை கனம் வேறு’ என்று ஓரமாக ஒட்டவைத்திருக்கிறீர்கள். எழும்போது வலி. வெளியே போனால் தெளிகிறது. அறையிலேயே கிடக்கும் ஞாயிற்றுக்கிழமை தெளிவதில்லை. பக்கத்துக் கட்டிலில் படுப்பவனுக்கும் அதே வலி, கூடவே வாந்தி. காய்ச்சலைப் பற்றிப் பேச்சே இல்லை. சைனஸ் இப்படி அறையைப் பார்த்து வராது. ஒற்றைத் தலைவலி இருவருக்கு ஒரே காலையில் வராது. இது கார்பன் மோனாக்சைடு. வேறு எதையும் யோசிக்கும் முன் இதைத்தான் யோசிக்க வேண்டும்.

கரிக்குப் போதுமான காற்று கிடைக்காதபோது இந்த வாயு அதிகம் பிறக்கிறது. நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமல் வராது. ‘புகையே இல்லையே, கங்கு மட்டும்தானே இருக்கிறது’ என்பார்கள். கங்குதான் ஆபத்து. புகைந்தால் இருமிக்கொண்டாவது எழுந்து ஓடுவோம். மேலே சாம்பல் மூடியிருப்பதால் அணைந்துவிட்டது என்று நினைப்பதும் தப்பு. நீறு பூத்த நெருப்பு விடியும்வரை இதைக் கக்கிக்கொண்டிருக்கும்.

உள்ளே போன வாயு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடி அது. நல்ல காற்றுக்கு வந்த பிறகும் அதில் பாதி வெளியேற நாலைந்து மணி நேரம் ஆகும். காலை ஏழு மணித் தலைவலி மதியத்தில் தெளிவதன் கணக்கு இதுதான். அளவு கூடினால் தூக்கத்திலேயே நினைவு தப்பும். தலைவலிக்கு எழுந்து கதவைத் திறக்க ஆள் இருக்க மாட்டான். வட மாநிலங்களில் குளிர்காலம்தோறும் ‘மூடிய அறையில் கரியடுப்பு, குடும்பமே பலி’ என்று பேப்பரில் வருவதெல்லாம் இந்தக் கதைதான்.

‘நாங்களும்தானே கரியில் சமைத்தோம், ஒன்றும் ஆகவில்லையே’ என்று உங்களுக்குத் தோன்றும். நம் மாவட்டத்தில் சீமைக்கருவேலங் கரிமூட்டம் பார்க்காதவர் யார்? ஆனால் மூட்டம் பொட்டலில் எரிகிறது. மண்டபத்து வீட்டில் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. வாடையோ கச்சானோ ஏதாவது ஒரு காற்று அடுப்பங்கரையைத் துடைத்துக்கொண்டே இருக்கும். சோலனில் ஒரு சன்னலைக்கூடத் திறக்க மாட்டார்கள். கதவிடுக்கில் துணி செருகி, மூன்று பேர் ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைக்குள் சுருண்டிருப்பார்கள். கரி ஒன்றுதான், அறை வேறு. (பிள்ளை பெற்ற வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கங்கில் சாம்பிராணி போடுகிறவர்களும் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.)

அந்த 98-ஐ நம்பி இத்தனை நாள் கழிந்திருக்கிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒளியை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தமும் ஆக்சிஜன் ஒட்டிய ரத்தமும் அதற்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். மயங்கிக் கிடப்பவனுக்கும் 98 காட்டும். பாராசிட்டமால் செய்தது அதைவிட மோசம்: திருடன் வந்ததைப் பார்த்துக் குரைத்த நாயின் வாயைக் கட்டிவிட்டுத் தூங்கியது போல. அசித்ரோமைசின் எதற்கு என்று கொடுத்தவருக்கே தெரிந்திருக்காது. இனி மருந்துக்கடைக்காரரிடம் நோயைச் சொல்லி மாத்திரை வாங்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். அவர் விற்பவர்.

இன்றே மூன்று பேரும் அங்குள்ள மருத்துவமனைக்குப் போகட்டும். ‘தலை வலிக்கிறது’ என்று மட்டும் சொன்னால் இன்னொரு பாராசிட்டமாலோடு திரும்பி வருவார்கள். ‘மூடிய அறையில் கரி வைத்துத் தூங்குகிறோம், காலையில் எல்லோருக்கும் தலைவலி’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். ரத்தத்தில் இந்த வாயு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று காட்டும் கார்பாக்சி ஹீமோகுளோபின் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேட்க வேண்டும். அறையை விட்டு வந்து நாலைந்து மணி நேரம் கழித்து எடுத்தால் அது குறைவாகத்தான் காட்டும், அதை வைத்துக் கரி நல்லதென்று முடிவு கட்டக் கூடாது. அடுத்த சில வாரங்களில் மறதி, நடையில் தள்ளாட்டம், ஆள் மாறியதுபோல் எரிச்சல் தெரிந்தாலும் மறுபடி காட்ட வேண்டும். இந்த விஷம் மூளையில் தாமதமாகவும் வேலை காட்டும்.

யாராவது எழுப்பியும் எழாமல் கிடந்தால், உளறினால்: கதவைத் திறந்து, ஆளை வெளியே இழுத்துப்போட்டு, 108 அல்லது 112. உள்ளே நின்று முகத்தில் தண்ணீர் தெளிப்பது, காபி போடுவதெல்லாம் கூடாது. வந்ததும் ஆக்சிஜன் வைக்கச் சொல்ல வேண்டும். அதுதான் மருந்து. சுத்த ஆக்சிஜனில் அந்த நாலைந்து மணி நேரம் ஒன்றரை மணி நேரத்துக்குள் சுருங்கும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுங்கள்: குளியலறையில் கேஸில் தண்ணீர் சூடாக்கும் கெய்சர் இருக்கிறதா? காற்றில்லாத அறையில் அதுவும் இதே வாயுவைக் கக்கும். வாளி வைத்தால் மனிதன் நிற்க இடமில்லாத அறைக்குள் அதை மாட்டி, குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரில் அட்டை ஒட்டியிருப்பார்கள். சுடுதண்ணீர் சுகத்தில் பத்து நிமிடம் நின்றால் அங்கேயே விழுவார்கள்; தாழ்ப்பாள் வேறு போட்டிருப்பார்கள். சாதனத்தை வெளியே மாட்டச் சொல்லி வீட்டுக்காரரிடம் பேச வேண்டும். அதுவரை கதவைத் திறந்துவைத்து வாளியை நிரப்பி, கெய்சரை அணைத்து, ஐந்து நிமிடம் காற்றாட விட்டு, பிறகு உள்ளே போய்க் குளிக்கட்டும்.

சரி, கரி இல்லாமல் எப்படித் தூங்குவது? சன்னலை ஒரு விரல் அளவு திறந்துவைத்தால் போதுமா என்று கேட்பான். போதாது. தூங்கும் அறையில் எரிகிற எதுவும் வேண்டாம். அறையைச் சூடாக்குவதை விட்டுவிட்டுப் படுக்கையைச் சூடாக்கட்டும். ரப்பர் வெந்நீர்ப் பையில் முக்கால் பங்குக்கும் குறைவாக, கொதிக்காத சுடுதண்ணீர் ஊற்றி, மீதிக் காற்றை அமுக்கி வெளியேற்றி மூட வேண்டும். காற்று நின்றால் பை உப்பி வெடிக்கும். துண்டில் சுற்றி, படுக்கக் கால் மணி நேரம் முன்னால் ரஜாய்க்குள் கால்மாட்டில் வைத்தால் போதும். மின்சார ஹீட்டர் வாங்குவதானால் எண்ணெய் நிரப்பிய வகை நல்லது. 2,000 வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியர் இழுக்கும். செல்போன் சார்ஜ் போடும் சின்ன பிளக்கிலும் எக்ஸ்டென்ஷன் ஒயரிலும் மாட்டினால் உருகித் தீப்பிடிக்கும். பெரிய 16 ஆம்பியர் பிளக் இருந்தால் மட்டும், படுக்கும் முன் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு அணைத்துவிடலாம்.

இப்போது விரல். ஐஸ் பெட்டியில் மீன் அடுக்கியவர்களிடம் கேளுங்கள், கையை வெளியே எடுத்து வெயிலில் காட்டியதும் எப்படி எரியும் என்று. இதுவும் அந்த ஜாதிதான். குளிரில் சுருங்கிய சின்ன ரத்தக்குழாய்கள் திடீரென்று சூடு கண்டதும் தோலில் ரத்தம் தேங்கி, சிவந்து வீங்கி அரிக்கும். ஆங்கிலத்தில் சில்பிளெய்ன் என்போம். அடைப்பு இல்லை, அழுகல் இல்லை. வெதுவெதுப்பாகவும் உலர்வாகவும் வைத்திருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். அவன் என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியும்: வெளியிலிருந்து வந்த வேகத்தில் மரத்த விரலை நேரே கரிச்சட்டிமேல் காட்டுகிறான். அதனால்தான் ஆறவில்லை. கையை அக்குளில் வைத்துச் சூடாக்கட்டும். இறுக்கமான இரண்டு சாக்ஸைவிடத் தளர்வான ஒரு கம்பளி சாக்ஸ் மேல். ஈரச் சாக்ஸை அப்போதே மாற்ற வேண்டும். சொறியக் கூடாது, யாரோ கொடுத்த ஸ்டீராய்டு கிரீம் பூசக் கூடாது. விரல் வெளுத்து, மெழுகுபோல் விறைத்து, கிள்ளினால் தெரியாமல் போனாலோ புண்ணாகிச் சீழ் வைத்தாலோ மருத்துவரைப் பார்க்கட்டும். குளிர்காலம் முடிந்தும் விடவில்லை என்றால் அப்போது ரத்தப் பரிசோதனை பற்றி யோசிக்கலாம்.

மற்றவை சில்லறை. அடிக்கடி சிறுநீர், சர்க்கரை அல்ல: குளிரில் தோலுக்குப் போகும் ரத்தம் உள்ளே திரும்புவதால் சிறுநீரகம் அதிகம் பிரிக்கிறது. அதற்குப் பயந்து தண்ணீரைக் குறைக்க வேண்டாம், மலச்சிக்கல்தான் மிஞ்சும். மனம் கேட்கவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போகும்போதே ஒரு சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளட்டும், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மூக்கு ரத்தம் வறண்ட காற்றால். அண்ணாந்து பார்க்காமல் முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும், நடுவில் நின்றதா என்று திறந்து பார்க்கக் கூடாது. தோல் வெடிப்புக்கு இங்கிருந்து தேங்காய் எண்ணெய் அனுப்பியிருப்பீர்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், அங்கே பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாது. வாசலின் வாங்கி, குளித்துத் துடைத்த சூட்டோடு ஈரம் காயும் முன் பூசட்டும். பிராந்தி ஒரு மூடி குடித்தால் குளிர் தெரியாது என்று யாராவது சொல்லியிருந்தால், தெரியாதுதான்: தோல் சூடாகும், உள்சூடு வெளியேறும், உடம்பு இன்னும் குளிரும்.

உப்புக்காற்று உடம்பு, மலையுடம்பு என்று தனியாக ஒன்றும் இல்லை. நம் கரையில் மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அங்கே இரவில் பூஜ்யத்தை ஒட்டிப் போகும். முதல் குளிர்காலம் எவனையும் உலுக்கும், சில வாரங்களில் நடுக்கம் குறையும். அவனுக்கு வேண்டியது உடுப்பு. உள்ளே பருத்தி பனியன் வியர்வையில் நனைந்தால் நாள் முழுக்க ஈரத்துணி சுற்றியது போல் குளிரும். தெர்மல், அதன்மேல் கம்பளி, அதன்மேல் காற்றுப் புகாத ஜாக்கெட், காதை மூடும் குல்லா. படிப்பை நிறுத்த வேண்டாம்.

இன்று இரவு ஒன்பது மணிக்கு வீடியோவில் கூப்பிடுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்கும் முன், கரிச்சட்டி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.