பன்னிரண்டு சூட்டுக்கு மேல் சுற்றாத சிலிண்டர்

வணக்கம் நண்பரே. உங்கள் 1851 கோல்ட் நேவி என்ற பழைய கருமருந்து ரிவால்வரின் நகலில் பன்னிரண்டு முறை சுட்டதுமே சிலிண்டர் இறுகிவிடுகிறது, சாதாரண துப்பாக்கி எண்ணெய்தான் போடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு அந்த எண்ணெயில்தான் என்று நினைக்கிறேன். பெட்ரோலிய எண்ணெயும் கருமருந்துக் கரியும் சேர்ந்தால் தார் மாதிரி பிடித்துக்கொள்ளும்.

சிலிண்டரில் மருந்தும் குண்டும் போடும் அறைகள் எல்லாம் காலிதானா என்று முதலில் பாருங்கள். அப்புறம் குழலைப் பிடித்திருக்கும் ஆப்பைத் தட்டி எடுத்துக் குழலைக் கழற்றுங்கள். சிலிண்டர் சுழலும் அச்சில் திருகு போலப் பள்ளங்கள் ஓடும்; மசகு தங்குவதற்காகவே வெட்டியவை. உங்களுடையதில் அவை கரியால் அடைபட்டிருக்கும். துடைத்துவிட்டு, மாட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும் உருக்கிக் கலந்த பசையை அதில் நிறையத் தடவுங்கள். நான் இந்தப் பசைக்கு மாறிய அன்றே, ஐந்து முறை சிலிண்டரை நிரப்பிச் சுட்டும் தடையில்லாமல் ஓடியது.

இன்னொன்று, மருந்தைப் பற்றவைக்கும் சிறு செம்பு மூடியான கேப் வெடித்தபின் அதன் துணுக்கு, அதை அடிக்கும் சுத்தியலான ஹேமரின் இடுக்கில் விழுந்தாலும் இப்படித்தான் சிக்கும். ஹேமரை இழுக்கும்போது குழலை மேல்நோக்கிப் பிடியுங்கள், துணுக்கு வெளியே உதிரும்.

சுட்ட அன்றே கேப் பொருந்தும் சிறு குழாய்களான நிப்பிள்களைக் கழற்றி, சோப்பு கலந்த வெந்நீரில் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். கரி ஈரத்தை இழுக்கும். ஒரே இரவில் துரு ஏறிவிடும்.