தேன்மெழுகு உருக்க எந்தக் கன்ட்ரோலர் வாங்கலாம்? – நுகர்வோர் கேள்வி பதில்

கேள்வி: ரப்பர் தோட்டத் தேன் சீசன் முடிந்ததும் பழைய அடைகளையெல்லாம் சேர்த்து வீட்டிலேயே மெழுகு எடுக்கிறோம். 1000 வாட் காயில் அடுப்பில் அலுமினியப் பாத்திரத்தை நேராக வைத்துத்தான் உருக்குவது. கொஞ்சம் கண் அசந்தால் அடி பிடித்து மெழுகு பழுப்பாகிறது, கரிந்த வாடை அடிக்கிறது, வாங்க வருகிறவர் விலையைக் குறைத்துக் கேட்கிறார். ஒரு டிம்மர் போட்டால் போதும் என்கிறார் என் கொழுந்தனார். நாகர்கோவிலில் கடைக்காரரோ சூட்டை அளந்து தானே மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பிஐடி கன்ட்ரோலர்தான் சரி என்கிறார். எதை வாங்குவது?
– வாசகி, அருமனை

பதில்: டிம்மர் வேண்டாம் அம்மா. டிம்மர் அடுப்புக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். மெழுகு எவ்வளவு சூடாகியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பாத்திரம் நிறைய மெழுகு இருக்கும்போது சரியாக இருந்த அதே திருகு அளவு, கால் பாத்திரம் இருக்கும்போது அடியைக் கரித்துவிடும். நம் பக்கத்து வோல்டேஜும் ஒரே நிலையில் நிற்பதில்லை. 230 வோல்ட் 200 ஆக இறங்கினால் உங்கள் 1000 வாட் அடுப்பு ஏறக்குறைய 750 வாட்தான் தரும். சாயங்காலம் லோ வோல்டேஜில் திருகி வைத்ததை ராத்திரி வோல்டேஜ் ஏறிய பிறகு யார் வந்து குறைப்பது? டிம்மருக்குப் பதில் வீட்டில் கிடக்கும் ஃபேன் ரெகுலேட்டரை மாட்டிப் பார்க்கும் எண்ணமும் வேண்டாம். அது 1000 வாட்டைத் தாங்காது, எரிந்துபோகும்.

தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரியில். 70 முதல் 80 டிகிரிக்குள் இருந்தால் துணியில் வடிகட்டவும் அச்சில் ஊற்றவும் தாராளமாகப் போதும். 85 டிகிரியைத் தாண்டினால் நிறம் மங்கத் தொடங்கும். ஆக உங்கள் கையில் இருப்பது இருபது டிகிரி இடைவெளிதான். சூட்டை அளந்து, அதைப் பார்த்துத் தானே அணைந்து எரியும் ஏற்பாடு இருந்தால்தான் அதற்குள் நிற்க முடியும்.

ஆனால் எந்தப் பெட்டி வாங்குவது என்பதைவிட, சூட்டை அளக்கும் சென்சாரை எங்கே வைப்பது என்பதுதான் பெரிய விஷயம். கடையில் இதை யாரும் சொல்வதில்லை. காலையில் பாத்திரத்தில் மெழுகு கட்டியாக உறைந்து கிடக்கும். நேற்று உள்ளே விட்ட சென்சார் அந்தக் கட்டிக்கு நடுவில் சிக்கியிருக்கும். சுவிட்சைப் போட்டதும் அடியில் இருக்கும் மெழுகு உருகி அளவுக்கு மீறிச் சூடாகிக்கொண்டிருக்க, சென்சார் இன்னும் 35 டிகிரி என்றே காட்டும். கன்ட்ரோலர் அதை நம்பி அடுப்பை முழு வேகத்தில் எரியவிடும். அடியில் உருகி விரிந்த மெழுகு மேலே உள்ள கட்டியை உடைத்துக்கொண்டு பீறிட்டு வருவதும் உண்டு. எவ்வளவு விலை உயர்ந்த பிஐடி வாங்கினாலும் இந்தத் தொல்லை தீராது.

அதனால் முதலில் அடுப்பில் நேராக உருக்குவதை விடுங்கள். பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் மெழுகுப் பாத்திரத்தை இறக்குங்கள். அடியில் ஒரு வளையமோ பிரிமணைக் கம்பியோ இருந்தால் பாத்திரம் அடியைத் தொடாது. தண்ணீர் இருக்கும்வரை 100 டிகிரிக்கு மேல் சூடு போகவே போகாது. சென்சாரை மெழுகில் விடாமல் தண்ணீரில் தொங்கவிட்டு 80 டிகிரிக்கு வையுங்கள். காலையில் மெழுகு கட்டியாக இருந்தாலும் அளவு தப்பாது. அலுமினியப் பாத்திரத்தையே மெழுகுக்கு வைத்துக்கொள்ளலாம். இரும்பு, பித்தளை, செம்பு மூன்றும் மெழுகின் நிறத்தைக் கெடுக்கும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பிஐடி தேவையில்லை. எஸ்டிசி-1000 போன்ற சாதாரண டிஜிட்டல் தெர்மோஸ்டாட் போதும், சில நூறு ரூபாய்தான். அது 80 வந்ததும் அணைக்கும், ஓரிரு டிகிரி இறங்கியதும் மறுபடி போடும். அவ்வளவு தண்ணீர் நடுவில் இருக்கும்போது அந்த ஏற்ற இறக்கம் மெழுகுக்குத் தெரியவே தெரியாது. தண்ணீர் இல்லாமல் நேராகச் சூடாக்கும் கருவிக்குத்தான் பிஐடி உண்மையில் பயன்படும்.

வாங்கும்போது பெட்டியில் 220 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதே மாடல் 12 வோல்ட்டிலும் 24 வோல்ட்டிலும் வருகிறது. அதில் சூடாக்க ஒன்று, குளிராக்க ஒன்று என இரண்டு ரிலே, அதாவது மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் தானியங்கி சுவிட்ச், இருக்கும். எலக்ட்ரீஷியன் மாற்றிக் கொடுத்துவிட்டால் சூடு ஏற ஏற அடுப்பு அணையாமல் எரியும். முதல் தடவை வெறும் தண்ணீரை வைத்து, சொன்ன இடத்தில் அணைகிறதா என்று கூடவே நின்று பார்த்துவிடுங்கள். மூடியில்லாத பச்சை போர்டாக விற்பதை வீட்டு வேலைக்கு வாங்கவே வேண்டாம். 230 வோல்ட் ஓடும் ஈயப்பற்று அதன் அடியில் திறந்து கிடக்கும்.

இன்னொன்றையும் கட்டாயம் வாங்குங்கள். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் அடுப்பு அணையாது. பிஐடியோடு வரும் எஸ்எஸ்ஆர் என்ற மின்னணு ரிலே பழுதானாலும் பெரும்பாலும் எரியும் நிலையிலேயே நின்றுவிடும். தண்ணீர் வற்றும் நேரத்தில் இது நடந்தால் மெழுகு தீப்பிடிக்கும் அளவுக்குப் போகலாம். அதற்காகக் கையால் அழுத்தி மீட்கும் வகை தெர்மல் கட்-அவுட் ஒன்றை, 110 டிகிரியில் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி, வெளிப்பாத்திரத்தின் பக்கச் சுவரில் கீழ்ப்பகுதியில் ஒட்டிப் பொருத்தி, அடுப்புக்குப் போகும் லைனில் தொடராக இணைக்கச் சொல்லுங்கள். கன்ட்ரோலர் கெட்டாலும் இது தனியாக அணைக்கும். டிஸ்ப்ளே அழகாக இருக்கும் மாடலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை இதற்குக் கொடுங்கள்.

உங்கள் காயில் அடுப்பை மாற்ற வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பை இதில் மாட்டினால் ஒருமுறை மின்சாரம் துண்டித்துத் திரும்பும்போது அது தானாகத் தொடங்காது. எர்த் உள்ள மூன்று பின் பிளக், மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இரண்டும் இருக்கட்டும். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வேலை இது. மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது; சுவிட்சை அணைத்து, தட்டால் இறுக மூடுங்கள். மூடி எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: ஆன்லைனில் பிஐடி கன்ட்ரோலரும் சூட்டை அளக்கும் கே வகை தெர்மோகப்பிள் சென்சாரும் செட்டாக வாங்கினேன். சூடாக்கினால் எண் குறைகிறது. விற்றவர், "நீங்கள் தப்பாக மாட்டிவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார். மெழுகுத் தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்றும் சொல்கிறார்.
– வாசகர், குலசேகரம்

பதில்: சூடாக்கும்போது எண் குறைந்தால் தெர்மோகப்பிளின் இரண்டு கம்பிகளும் மாறியிருக்கின்றன. மாற்றி இணைத்துப் பாருங்கள். பிறகு கன்ட்ரோலர் அமைப்பில் சென்சார் வகை 'கே' என்றே இருக்கிறதா என்று பார்த்து, கொதிக்கும் தண்ணீரில் சென்சாரை விடுங்கள். 100 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும். ஐஸ் கட்டியை நொறுக்கிக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலந்ததில் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்க வேண்டும். இரண்டும் சரியென்றால் பொருளில் குறையில்லை. இல்லையென்றால் இரண்டையும் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் பற்றி அவர் சொன்னது தவறு. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்த மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. நீங்கள் நுகர்வோர்தான். முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். நகரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேள்வி: காயில் அடுப்பில் ஐஎஸ்ஐ முத்திரை உண்மையானதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, கருங்கல்

பதில்: முத்திரையின் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் பெயரும் பொருளின் பெயரும் வரும். இரண்டும் அட்டைப்பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று கடையில் நிற்கும்போதே பார்த்துவிட்டு, ஜிஎஸ்டி எண் உள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள்.