பிடி-1 ஏற்பியை அடைத்தால் புற்றுநோய்க் கட்டி கரைகிறது என்றால், அந்த ஏற்பி உடம்புக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீட்டில் யாருக்கோ பிடி-1-ஐ அடைக்கும் ஊசிகளான நிவோலுமாப் அல்லது பெம்ப்ரோலிசுமாப் ஏற்றலாம் என்று சொல்லியிருப்பார்கள், நீங்களும் ராத்திரி முழுக்கத் தேடிப் பார்த்திருப்பீர்கள். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். அம்மாவுக்காக நானும் இதே கேள்வியோடு அலைந்தவள்தான்.

பிடி-1 வேண்டாத பொருள் இல்லை. டி செல் என்னும் நோய் எதிர்ப்பு வெள்ளணு ஒன்று எதிரியைக் கண்டு கிளர்ந்தெழும்போதே தன் மேல்பரப்பில் பிடி-1-ஐயும் கொண்டுவந்துவிடுகிறது. சண்டை நடக்கும் இடத்துத் திசுக்கள் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டும். இரண்டும் பிணைந்தால் டி செல்லின் வேகம் தணியும். கிருமியோடு சேர்த்து நம் சொந்த உறுப்பையும் அது துவம்சம் செய்யாமல் இருக்க இந்த பிரேக் வேண்டும். பல புற்றுநோய்களின் களவாணித்தனம் என்னவென்றால், அதே பிடி-எல்1-ஐத் தாங்களும் காட்டித் தப்பித்துக்கொள்வதுதான்.

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தாசுகு ஹோன்ஜோவின் குழு இந்த மரபணுவை 1992-ல் கண்டுபிடித்தது. அதை நீக்கிய எலிகளுக்கு வயதாக ஆக லூபஸ் போன்ற, உடம்பு தன்னைத்தானே தாக்கிக்கொள்ளும் நோய் வந்ததை 1999-ல் எழுதினார்கள். 2001-ல் வேறொரு ரக எலிகளில் பார்த்தால், இதயம் விரிந்து தளர்ந்துபோயிருந்தது. ஹோன்ஜோவுக்கும், டி செல்லின் இன்னொரு பிரேக்கான சிடிஎல்ஏ-4 பற்றி ஆராய்ந்த ஜேம்ஸ் ஆலிசனுக்கும் 2018-ல் நோபல் கிடைத்ததை எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த எலிகளைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. உங்கள் கேள்விக்குப் பதிலே அங்கேதான் இருக்கிறது: பிரேக் இல்லாவிட்டால் உடம்பு தன்னையே தாக்கும்.

அம்மாவுக்கு நுரையீரலில் கட்டி. சில தவணை ஊசி ஏறியதும் படபடப்பு வந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி ஓடியது, கை வியர்த்தது. பயத்தினால் என்றார்கள். அது தானாக அடங்கி, அப்புறம் நேர் எதிராகப் போனது. எங்களுக்கெல்லாம் புழுங்கும்போது அம்மா போர்வை கேட்டார். குரல் கரகரத்தது, கண்ணுக்குக் கீழே வீங்கியது, பேச ஆரம்பித்த வாக்கியத்தை முடிப்பதற்குள் கண் செருகியது. "கேன்சர் என்றால் அசதி இருக்கத்தானேம்மா செய்யும்" என்றார் அன்றைக்குப் பார்த்த மருத்துவர். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. முதல் ஊசிக்கு முன்னால் எடுத்த டிஎஸ்ஹெச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் ஹார்மோன்) ரிப்போர்ட்டை மேசையில் வைத்து, இப்போது ஒருதரம் பார்த்துவிடுங்கள் என்றேன். புதிதாக எடுத்ததில் அது எகிறிக் கிடந்தது. பிரேக் விடுபட்ட டி செல்கள் தைராய்டையும் பதம் பார்த்திருக்கின்றன. சுரப்பி சிதைந்தபோது உள்ளே இருந்த ஹார்மோன் மொத்தமாகக் கொட்டியதில்தான் அந்தப் படபடப்பு. இருப்பு தீர்ந்ததும் இந்த அசதி. இப்போது தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரை. ஊசியை நிறுத்தவில்லை, கட்டியும் சுருங்கியது.

நான் மருத்துவர் இல்லை. "நல்ல சிகிச்சையைப் பற்றிப் பீதி கிளப்புகிறாள்" என்று கீழே எழுத வருகிறவர்கள், தயவுசெய்து மேலே உள்ள கடைசி வரியை இன்னொரு தரம் படித்துவிட்டு வாருங்கள். எல்லோருக்கும் தைராய்டு கெடாது. சிலருக்குக் குடல், சிலருக்கு நுரையீரல் அல்லது கல்லீரல், அரிதாக இதயம். தைராய்டு என்றால் மாத்திரையோடு போகும். வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ வந்தால் கதை வேறு. ஸ்டீராய்டு தேவைப்படலாம், ஊசியை நிறுத்தவும் நேரலாம். கீமோவின் பக்கவிளைவு என்று நினைத்துக்கொண்டு கைவைத்தியம் பார்க்காதீர்கள். சிகிச்சை முடிந்து மாதக்கணக்கில் ஆன பிறகும் வரலாம் என்பதால், அவசரப் பிரிவுக்குப் போனால் வாய் திறந்ததும் இந்த ஊசியின் பெயரைச் சொல்லுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. காப்பீட்டு விண்ணப்பத்தில் அறுவை, கதிர்வீச்சு, கீமோ என்று மூன்றே கட்டங்கள். இந்த ஊசி எதிலும் சேராதாம், அதனால் பணம் இல்லையாம். புற்றுநோய்க்குக் காப்பீடு என்று சொல்லித்தானே பிரீமியம் வாங்கினார்கள்? மேல்முறையீடு போட்டிருக்கிறேன், தினமும் போனில் ஒரே இசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டு நோயாளிக்கு ஏற்கெனவே லூபஸ், முடக்குவாதம் மாதிரி ஏதாவது இருந்தாலோ, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியிருந்தாலோ முதல் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பொருத்திய உறுப்பை டி செல்கள் சும்மா விட்டுவைப்பதிலும் பிடி-1-க்குப் பங்கு உண்டு. அதை அடைத்தால் உடம்பு அந்தச் சிறுநீரகத்தையே நிராகரிக்கக்கூடும்.