ஸ்மாப் குழுவின் புகழ்பெற்ற பாடல்கள் எவை, எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ஜப்பானிய ஐடல் குழு (பாட்டு, நடனம், நடிப்பு எல்லாம் செய்யும் இளம் நட்சத்திரக் குழு) ஸ்மாப்பின் பாடல்களைப் புதிதாகக் கேட்பவர் எதில் ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். 'யோஸோரா நோ முகோ'வில் ஆரம்பியுங்கள். எல்லாரும் முதலில் கைகாட்டுவது 'செகாய் நி ஹிதோட்சு தகே நோ ஹனா'வைத்தான். அது இரண்டாவதாக இருக்கட்டும்.

காரணம் அவர்களுடைய குரல். ஸ்மாப்பில் பெரிய பாடகர் என்று யாரும் கிடையாது. குழுத் தலைவர் நகாய் மசாஹிரோ சுருதி விலகிப் பாடுவது நாடறிந்த நகைச்சுவை, அவரே அதைச் சொல்லிச் சிரிக்க வைத்தவர். அதனால் இந்தக் குழுவின் நல்ல பாடல்கள் சாதாரணக் குரலுக்கென்றே அமைந்தவை. சரணத்தை ஆளுக்கு ஒரு வரியாகப் பிரித்துக்கொள்வார்கள், பல்லவியை எல்லாரும் ஒரே சுரத்தில் சேர்ந்து பாடுவார்கள். அடுக்கடுக்கான ஹார்மனியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஐந்து பேரின் சுருதியும் மயிரிழை விலகி நிற்பதால் பல்லவிக்கு ஒரு அகலம் கிடைக்கிறது. அந்த அகலம்தான் ஸ்மாப்பின் ஒலி.

'யோஸோரா நோ முகோ' (இரவு வானத்துக்கு அப்பால்) 1998 ஜனவரியில் வந்தது. பாடல் வரிகள் சுகா ஷிகாவோ, இசை கவாமுரா யுகா. பத்து லட்சத்தைத் தாண்டி விற்ற முதல் ஸ்மாப் சிங்கிள் (ஓரிரு பாட்டோடு தனியாக வெளிவரும் தட்டு) இதுதான். இளமையில் நினைத்த எதிர்காலம் இதுதானா என்று தனக்குள் கேட்டுக்கொள்ளும் பாட்டு. துள்ளலே இல்லை. ஒரு ஐடல் குழு இப்படிச் சோர்ந்த குரலில் பாடலாம் என்பதே அன்றைக்குப் புதுசு.

'செகாய் நி ஹிதோட்சு தகே நோ ஹனா' (உலகில் ஒரே ஒரு பூ) எழுதி இசையமைத்தவர் மகிஹாரா நோரியுகி. முதலில் 2002 ஆல்பத்தில் ஒரு பாட்டாக மட்டும் இருந்தது. ஸ்மாப் உறுப்பினர் குசனாகி ட்சுயோஷி நடித்த தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாடலான பிறகு, 2003 மார்ச்சில் சிங்கிளாக வெளியிட்டார்கள். அந்த ஆண்டு கடைசி இரவில் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் கோஹாகு என்ற ஆண்டிறுதிப் பாட்டு நிகழ்ச்சியை முடித்துவைத்ததும் இதே பாட்டுதான். பூக்கடை வாசலில் இருக்கும் பூக்கள் யார் முதல் என்று சண்டை போடுவதில்லை என்பது கரு. 2016-ல் குழு கலையப்போகிறது என்று தெரிந்ததும் ரசிகர்கள் மறுபடி மறுபடி இதை வாங்கி, விற்பனையை முப்பது லட்சத்துக்கு மேல் கொண்டுபோனார்கள். ஆல்பத்தில் உள்ள பதிவு வேறு, சிங்கிளில் உள்ள பதிவு வேறு. மக்கள் மனதில் நிற்பது சிங்கிள் பதிவு.

இதற்கு முந்தைய ஸ்மாப் வேறு ரகம். 1988-ல் ஆறு பேரோடு உருவான குழு, 1991 செப்டம்பரில் முதல் சிங்கிளை வெளியிட்டது. ஜப்பானின் இசை விற்பனைப் பட்டியலான ஒரிகானில் அது இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. முதலிடம் பிடிக்கப் பன்னிரண்டாவது சிங்கிள் வரை, அதாவது 1994 மார்ச் வரை காத்திருந்தார்கள். தொலைக்காட்சியில் பாட்டு நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்த காலம் அது. வேறு வழியில்லாமல் காமெடி நிகழ்ச்சிகளில் இறங்கினார்கள், புகழும் அந்த வழியாகத்தான் வந்தது. 1996-ல் மோரி கட்சுயுகி மோட்டார் பைக் பந்தய வீரராகப் போய்விட, மீதி ஐவர்.

என்னைக் கேட்டால், இசைக்காகக் கேட்பவர்கள் 1994 முதல் 1997 வரையிலான காலத்தைத் தவறவிடக் கூடாது. 'ஆவோய் இனஸுமா' (நீல மின்னல், 1996) ஹயாஷிதா கென்ஜியின் பாடல். அதில் வரும் 'கெட் யூ' கூவல் ஜப்பானில் குழந்தைக்கும் தெரியும். 'செலரி' (1997) யமஸாகி மசயோஷி ஏற்கெனவே பாடியது. செலரிக்கீரை உனக்குப் பிடிக்கும் எனக்குப் பிடிக்காது என்கிற மாதிரி காதல் பாட்டு, ஸ்மாப் பாடும்போது இன்னும் இலகுவாகிறது. அந்த ஆண்டுகளின் ஆல்பங்களில் அமெரிக்க ஸ்டூடியோ கலைஞர்கள் வாசித்திருக்கிறார்கள். ஹெட்போனில் பாஸையும் டிரம்ஸையும் மட்டும் கவனித்துக் கேளுங்கள், பாட்டு வேறாகத் தெரியும். 'கம்பரிமஷோ' (1994) சோம்பிக் கிடப்பவரை எழுப்பும் பாட்டு. 1995 ஜனவரி கோபே நிலநடுக்கம் முடிந்த சில நாளில் நேரலையில் பாடியதால் அதற்கு வேறொரு கனம் வந்துவிட்டது.

2000-த்தின் 'லயன் ஹார்ட்' பெரிய வெற்றி. தொலைக்காட்சித் தொடர் எழுத்தாளர் நொஜிமா ஷின்ஜியின் வரிகள். கல்யாண வீட்டு இனிப்பு மாதிரி எனக்குக் கொஞ்சம் அதிகம். அதே சிங்கிளின் மறுபக்கமாக வந்த 'ஆரெஞ்ச்'தான் ரசிகர்களின் செல்லம்.

தேடும்போது இடறும் இடங்கள் சில உண்டு. ஆங்கில எழுத்தில் குழுவின் பெயரை மட்டும் போட்டால், மண்ணின் ஈரத்தை அளக்கும் நாசா செயற்கைக்கோள் வந்து நிற்கும், அதற்கும் இதே பெயர். பாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் போட்டால் பிறர் பாடிய பதிவுகள்தான் குவியும். சுகா ஷிகாவோவும் மகிஹாராவும் தங்கள் பாட்டைத் தாங்களே பாடியிருக்கிறார்கள், புதிதாகக் கேட்பவர்கள் அதைக் கேட்டுவிட்டு ஸ்மாப் என்று நினைத்துக்கொள்வார்கள். விக்கிப்பீடியாவின் ஜப்பானியப் பக்கத்திலிருந்து பாடல் பெயரையும் குழுவின் பெயரையும் நகலெடுத்துத் தேடுங்கள்.

குறுந்தகடு வாங்குவதாக இருந்தால் 2016 டிசம்பரில் வந்த 'ஸ்மாப் 25 இயர்ஸ்' போதும். ரசிகர் வாக்கெடுப்பில் தேர்ந்த 50 பாடல்கள், மூன்று தட்டுகள். வாக்கில் முதலிடம் பெற்றது 'ஸ்டே'. 2006 ஆல்பத்தில் வந்த, சிங்கிளாகவே வெளிவராத பாட்டு! பழைய சிங்கிள்களைத் தேடிப் போனால் தொண்ணூறுகளில் வந்தவை 8 செ.மீ. தட்டுகள். தட்டம் வெளியே வரும் பிளேயரில், நடுவில் உள்ள சின்ன வளையத்தில் வைத்தால் ஓடும். காரிலும் சில மடிக்கணினிகளிலும் இருப்பதுபோல் பிளவுக்குள் தட்டைச் செருகும் பிளேயரில் போட்டால் உள்ளே மாட்டிக்கொள்ளும், எடுப்பது பெரும்பாடு.

கச்சேரி டிவிடி என்றால், தட்டும் பிளேயரும் ஒரே பகுதி எண்ணில் இருந்தால்தான் ஓடும்; ஜப்பானின் பகுதி எண் 2, இந்தியாவின் எண் 5. ப்ளூரேயில் ஜப்பான் ஏ, இந்தியா சி. பகுதிப் பூட்டு இல்லாத பிளேயர் கையில் இருந்தால் மட்டும் பணத்தைப் போடுங்கள்.