ஐரோப்பாவின் சின்ன விமானத்தளங்களுக்கு ஐ.எஃப்.ஆர். பிளான்: கேள்வி – பதில்

கேள்வி: ஜெர்மனியில் இன்ஸ்ட்ருமென்ட் அப்ரோச் (கருவிகளை வைத்து இறங்க வகுத்த பாதை) இல்லாத ஒரு புல்தளத்துக்குப் பிளான், அதாவது பயணத் திட்டம், போட்டேன். படிவத்தில் பறக்கும் விதியைக் குறிக்கும் 8-ஆம் கட்டத்தில் ‘ஐ’ என்று கொடுத்தேன், நிராகரித்துவிட்டார்கள். ஏன்?

பதில்: ‘ஐ’ என்றால் கிளம்பியதிலிருந்து இறங்கும்வரை முழுக்க ஐ.எஃப்.ஆர்., அதாவது கருவிகளை வைத்துப் பறக்கும் விதி. உங்களுக்குத் தேவை ‘ஒய்’: முதலில் ஐ.எஃப்.ஆர்., கடைசியில் வி.எஃப்.ஆர். (வெளியே பார்த்துப் பறக்கும் விதி). அத்தகைய தளத்திலிருந்து கிளம்பும்போது ‘இசட்’: முதலில் வி.எஃப்.ஆர்., பிறகு ஐ.எஃப்.ஆர். பாதையை எழுதும் 15-ஆம் கட்டத்தில், ஒரு விதியிலிருந்து மற்றதற்கு மாறும் புள்ளியின் பெயரை எழுதி, பக்கத்தில் ‘வி.எஃப்.ஆர்.’ என்று போடுங்கள். ‘இசட்’ பிளானில் இணையும் புள்ளியோடு வேகமும் உயரமும் சேர்த்து, பிறகு ‘ஐ.எஃப்.ஆர்.’ வரவேண்டும். தளத்துக்கு நான்கெழுத்துக் குறியீடு இல்லையென்றால் இறங்கும் தளத்துக்கான 16-ஆம் கட்டத்தில் நான்கு ‘இசட்’. தளத்தின் பெயரும் இருப்பிடமும் மற்ற தகவல்களுக்கான 18-ஆம் கட்டத்தில் ‘டெஸ்ட்’ (DEST/) குறியீட்டுக்குப் பின்.

மாறும் புள்ளியை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தளத்துக்கு நேர் மேலே வைத்துவிடுவார்கள். அப்ரோச் இல்லாத இடத்தில் ஐ.எஃப்.ஆர். விமானம், சுற்றி 8 கி.மீ.க்குள் இருக்கும் மிக உயர்ந்த தடையைவிட 1,000 அடி மேலே இருக்கவேண்டும்; மலைப்பகுதியில் 2,000 அடி. கன்ட்ரோலர் தரும் குறைந்தபட்ச உயரம் இன்னும் கூடுதலாகவே இருக்கலாம். மேக அடி அதற்குக் கீழே இருந்தால், தளத்துக்கு மேலே வந்து நின்றாலும் இறங்க வழியில்லை. அப்ரோச் உள்ள பக்கத்து விமான நிலையத்தில் மேகத்துக்குக் கீழே இறங்கி, அங்கே ஐ.எஃப்.ஆரை ரத்து செய்துவிட்டு, மிச்சத் தூரத்தைப் பார்வையில் பறப்பதே சரியான வழி. பார்வைக்கான குறைந்தபட்ச வானிலை அங்கேயும் இல்லையென்றால் அந்த நிலையத்திலேயே இறங்கிவிடுங்கள். அதை மாற்றுத் தளமாகப் பிளானில் முன்கூட்டியே எழுதி வைப்பது நல்லது.

கேள்வி: பிளானுக்கு ‘ஏ.சி.கே.’ (ஏற்பு) என்ற பதில் வந்துவிட்டது. இனி கிளம்பலாமா?

பதில்: பிளான், ஐரோப்பிய வான்போக்குவரத்து அமைப்பான யூரோகன்ட்ரோலின் ஐ.எஃப்.பி.எஸ். (பிளான்களைச் சரிபார்க்கும் அமைப்பு) சோதனையைத் தாண்டியது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. தளம் திறந்திருக்கிறதா, முன் அனுமதி வேண்டுமா, சுங்கத்துக்குச் சொல்லியாயிற்றா என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. தளத்துக்கு ஒரு போன் போடாமல் கிளம்பாதீர்கள். ‘ஒய்’, ‘இசட்’ என்ற கலப்புப் பிளானில் இன்னொரு சிக்கலும் உண்டு: வி.எஃப்.ஆர். பகுதிக்காகப் பிளான் போய்ச்சேரவேண்டிய முகவரிகளை ஐ.எஃப்.பி.எஸ். தானாகச் சேர்க்காது, அனுப்புபவர்தான் சேர்க்கவேண்டும். நீங்கள் பயன்படுத்தும் செயலி அதைச் செய்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

‘ஏ.சி.கே.’க்குப் பதிலாக ‘எம்.ஏ.என்.’ வந்தால் ஓர் ஆபரேட்டர் கையால் சரிபார்க்கிறார். பொறுமையிழந்து இரண்டாவது பிளான் அனுப்பினால், அதே அழைப்புப் பெயரும் அதே நேரமும் மோதி அது நிராகரிக்கப்படும்.

கேள்வி: எவ்வளவு முன்னால் அனுப்பவேண்டும்? நேரம் மாறினால்?

பதில்: குறைந்தது 3 மணி நேரம் முன்னால், அதிகபட்சம் 120 மணி நேரம். எல்லா நேரமும் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரம்). அடுத்த நாள் பயணமென்றால் 18-ஆம் கட்டத்தில் தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் ஆறு இலக்கமாகப் போடுங்கள். 15 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் ‘டி.எல்.ஏ.’ என்ற தாமதச் செய்தி அனுப்புங்கள். முன்னதாகக் கிளம்ப நினைத்தால் ‘டி.எல்.ஏ.’ உதவாது, பழையதை ரத்து செய்து புதிதாகப் போடவேண்டும். ஸ்லாட் (நெரிசலைச் சமாளிக்க ஒதுக்கும் புறப்படும் நேரம்) கிடைத்தால் அந்த நேரத்துக்கு 5 நிமிடம் முன்னால் தொடங்கி 10 நிமிடம் பின்னால் வரை புறப்படலாம்.

கேள்வி: கருவிகளை எழுதும் 10-ஆம் கட்டத்தில் ‘ஆர்’ போட்டதற்குப் பிழை காட்டுகிறதே?

பதில்: 18-ஆம் கட்டத்தில் ‘பி.பி.என்.’ (விமானத்தின் வழிகாட்டல் திறன்) விவரம் இல்லாமல் ‘ஆர்’ நிற்காது. அங்கே ஜி.பி.எஸ். சார்ந்த ‘பி2’ கொடுத்தால், 10-இல் அந்தக் கருவியைக் குறிக்கும் ‘ஜி’யும் இருக்கவேண்டும். விமானத்தில் உண்மையாகவே இருக்கும் கருவிகளை மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: டவர் இல்லாத தளத்தில் இறங்கினால் பிளானை யார் மூடுவது?

பதில்: நீங்கள்தான். காற்றில் ஐ.எஃப்.ஆரை ரத்து செய்வது வேறு, பிளானை மூடுவது வேறு. இறங்கியதும் அருகிலுள்ள போக்குவரத்துச் சேவைப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். எதிர்பார்த்த நேரத்துக்கு 30 நிமிடம் தாண்டியும் தகவல் இல்லையென்றால் உங்களைத் தேடும் வேலை தொடங்கிவிடும். சிக்னல் இல்லாத தளமென்றால், இறங்குமுன் ரேடியோவில் பேசும்போதே யார் மூடுவது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.