ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு புத்தகம்

கேள்வி: சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று விளக்கும் புத்தகங்களை மகன் வாங்கித் தருகிறான். திறந்தால் அமெரிக்கச் சோளக்காடும் மாட்டுப்பண்ணையும்தான். அதில் நமக்கு என்ன இருக்கிறது ஐயா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: எனக்கும் முதலில் அலுப்பாகத்தான் இருந்தது அம்மா. சோளம் மாட்டுக்குத் தீனியாகிறது, பாகாகிச் சோடாவில் கலக்கிறது என்று பக்கம் பக்கமாகப் போகும். அப்புறம்தான் உறைத்தது: ஞாயிற்றுக்கிழமை நாம் வாங்கும் புரொய்லர் கோழிக்கும் முக்கியத் தீனி சோளம்தான். மொனராகலைப் பக்கம் போனால் சோளக்காடும் பார்க்கலாம்.

அதிலிருந்து இந்த வகைப் புத்தகத்தைக் காலைச் சாப்பாட்டோடுதான் வாசிக்கிறேன். ரொட்டிக்கான கோதுமை இலங்கையில் விளைவதில்லை. கப்பலில் வந்து இங்கே அரைபடுகிறது. தேங்காய் குருநாகல் பக்கமிருந்து மலையேறுகிறது. தட்டுக்குப் பக்கத்தில் இருப்பதில் நம் மலையில் விளைந்தது தேத்தண்ணி ஒன்றுதான். அதுவும் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கண்டிப் பக்கம் லூல்கந்துரைத் தோட்டத்தில் நட்டு, பிறகு கோப்பியை இலைநோய் தின்று தீர்த்ததால் பரவியது.

தேயிலை பற்றிய புத்தகம் என்றால் நான் முதலில் தேடுவது நிறுவையை. மணம், நிறம், பனிமூட்டம் எல்லாம் தாராளமாக எழுதுவார்கள். 1 கிலோ தூளுக்குச் சுமார் 4.5 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அந்தக் கொழுந்தைச் சுமந்துகொண்டு என் அம்மா தராசடிக்கு வருவார். நிறையில் சாக்குக்கு என்று ஒரு கழிவு, ஈரத்துக்கு என்று இன்னொன்று. மண் வெடித்த வெயிலிலும் ஈரத்துக்குக் கழித்ததை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சொன்ன கிலோ எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். தராசடி வரை வராத தேயிலைப் புத்தகத்தை நான் பாதியில் மூடிவிடுவேன்.

உங்கள் சோளப் புத்தகத்தை மூடாதீர்கள். விவசாயிக்கு விலை எப்படிப் போடுகிறார்கள் என்ற பக்கத்தை முதலில் திறவுங்கள். நமக்குத் தெரிந்த ஆட்கள் அங்கே வருவார்கள்.

கேள்வி: மிளகாய் நம் நாட்டுப் பயிர் இல்லை என்று வாசித்தேன். மனைவி நம்ப மறுக்கிறார்.
– வாசகர், பதுளை

பதில்: புத்தகம் சொல்வது சரிதான். அமெரிக்கக் கண்டத்துப் பயிர், போர்த்துக்கேயரால் இந்தப் பக்கம் வந்தது. அதற்கு முன் காரத்துக்கு நம்மிடம் மிளகு இருந்தது. மிளகு போல் காரமான காய் என்பதால் மிளகாய். பேரைப் பிரித்துச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் நம்பாவிட்டால் விட்டுவிடுங்கள், சம்பல் அரைப்பது அவர்தானே.