வரைபடத்தின் எண்களை எங்கே எழுதுவது?

கேள்வி: எங்கள் தளத்தில் காலாண்டு விற்பனையைக் காட்டும் வரைபடங்கள் நிறைய உண்டு. ஆல்ட் (alt, படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் மாற்று உரை) பகுதியில் "விற்பனை வரைபடம்" என்று மட்டும் போட்டிருக்கிறோம். பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவர், அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை என்கிறார். எண்களையெல்லாம் ஆல்ட்டிலேயே எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம். அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் ஆல்ட்டை நீட்டினால் அவருக்குச் சிரமம்தான் கூடும்.

ஆல்ட்டுக்குள் பத்தியோ தலைப்போ அட்டவணையோ நிற்காது. என்ன எழுதினாலும் ஒரே நீளமான வரியாகத்தான் திரைவாசிப்பானுக்கு (திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளுக்கு) போகும். பன்னிரண்டு எண்களை மூச்சுவிடாமல் ஒப்பித்தால் யாருக்கு நினைவில் நிற்கும்? அதே எண்கள் முறையான எச்.டி.எம்.எல். (வலைப்பக்கத்தை எழுதும் குறிமொழி) அட்டவணையில் இருந்தால் கதையே வேறு. என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானில், விசைப்பலகையின் கண்ட்ரோல், ஆல்ட் விசைகளைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் கட்டம் கட்டமாக நகரலாம். தலைப்புக் கட்டங்களுக்கு டி.எச். (th) குறியைப் போட்டிருந்தால், அந்த எண் எந்தக் காலாண்டுக்கு உரியது என்பதும் கூடவே காதில் விழும்.

ஆகவே ஆல்ட்டில் வரைபடம் சொல்லவரும் செய்தியை மட்டும் எழுதுங்கள். உதாரணமாக: "பட்டை வரைபடம்: மூன்றாம் காலாண்டில் மட்டும் விற்பனை சரிவு. எண்கள் கீழுள்ள அட்டவணையில்." "இது ஒரு படம்" என்று தொடங்க வேண்டியதில்லை, அதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும்.

அட்டவணையைப் படத்துக்குக் கீழேயே எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். இடத்தை அடைக்கிறது என்று வடிவமைப்பாளர் முகம் சுளித்தால், தட்டினால் விரியும் டீடெயில்ஸ் (details) குறியைக் கொண்டு மடித்து வைக்கலாம். திரைவாசிப்பானுக்கு மட்டும் கேட்கும்படி ஒளித்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்களுக்கும் அட்டவணை வேண்டும். தவிர, கண்ணில் படாததை யார் புதுப்பிக்கப் போகிறார்கள்? வரைபடம் இந்த ஆண்டுக்கு மாறியிருக்கும், விளக்கம் போன ஆண்டிலேயே நிற்கும்.

நீண்ட விளக்கம் உள்ள பக்கத்தைப் படத்தோடு இணைக்கும் லாங்டெஸ்க் (longdesc) பண்பை யாராவது பரிந்துரைத்தால் விட்டுவிடுங்கள், எச்.டி.எம்.எல். 5-இல் அது வழக்கொழிந்துவிட்டது. ஏரியா-டிஸ்கிரைப்டுபை (aria-describedby) என்ற பண்பின் மூலம் அட்டவணையைப் படத்தோடு கோக்கலாம் என்பார்கள். அது கட்டங்களையெல்லாம் கலைத்து வெறும் சொற்களாக வாசித்துவிடும். ஒரு வரிக் குறிப்புக்குச் சரி, அதற்கு மேல் தாங்காது.

அழகுக்காக மட்டும் வைத்த படங்களுக்கு ஆல்ட் காலியாக இருக்கட்டும். ஆனால் ஆல்ட் பண்பையே நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் சில திரைவாசிப்பான்கள் கோப்பின் பெயரை ஒப்பிக்கத் தொடங்கிவிடும். இணைப்பாக இருக்கும் படத்துக்கு, அதைத் தட்டினால் எங்கே போகும் என்பதை எழுதினால் போதும்.

அப்புறம், விளக்கம் தமிழில் என்றால் பக்கத்தின் மொழியைக் குறிக்கும் லாங் (lang) பண்பில் தமிழுக்கான 'டி.ஏ.' (ta) குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஆங்கிலம் என்று இருந்தால், தமிழ் எழுத்தை ஆங்கிலக் குரல் வாசிக்க முயன்று சொதப்பலாம்.

எல்லா வரைபடங்களையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். ஒன்றை மட்டும் இப்படிச் செய்து அந்த வாடிக்கையாளருக்கே அனுப்புங்கள். எந்தக் காலாண்டில் சரிவு, எவ்வளவு என்று அவர் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால், மற்றவற்றையும் அதே அச்சில் மாற்றிவிடலாம்.